டெல்லியில் இருக்கும் மஸ்டாங், சேலத்தில் கட்ட வேண்டிய வரி

கேள்வி: சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை நடத்துகிறேன். வயது 44. செலவு போக மாதம் சராசரியாக 90,000 ரூபாய் மிஞ்சுகிறது. வீட்டுக் கடன் முடிந்துவிட்டது. வங்கியில் 30 லட்சம் ரூபாய் வைப்புநிதி இருக்கிறது. பத்தாம் வகுப்புப் படிக்கும் மகளின் மேற்படிப்புக்காக 18 லட்சம் ரூபாய் மியூச்சுவல் ஃபண்டில் தனியாக இருக்கிறது. ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வாங்கி ஞாயிற்றுக்கிழமைகளில் ஏற்காடு மலைப்பாதையில் ஓட்ட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. டெல்லியில் ஒருவர் 2018-இல் பதிவான ஃபோர்டு மஸ்டாங் காரை 36 லட்சத்துக்குத் தருவதாகச் சொல்கிறார். அதே ஆண்டுக் கார் கோயம்புத்தூரில் தமிழ்நாட்டுப் பதிவெண்ணுடன் 43 லட்சம் சொல்கிறார்கள். மைத்துனரும் நானும் விமானத்தில் போய், காரை நாங்களே ஓட்டிக்கொண்டு வந்துவிடலாம் என்று இருக்கிறோம். 21 லட்சம் வைப்புநிதியிலிருந்தும், மீதி 15 லட்சம் கார் கடனாகவோ பட்டறையின் ஓவர்டிராஃப்டிலிருந்தோ எடுக்கலாமா? காரைப் பட்டறைக் கணக்கில் வாங்கினால் வரி மிச்சமாகுமா?

பதில்: உங்கள் ஆசையைக் குறை சொல்ல எனக்கு எந்தக் காரணமும் இல்லை. வீட்டுக் கடனை அடைத்து, மகளின் படிப்புக்குத் தனியாக ஒதுக்கி வைத்த பிறகு தனக்கென ஒன்றைக் கேட்கும் மனிதருக்கு, அதை எப்படி அடைவது என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் உங்கள் கணக்கு 36 என்ற எண்ணில் தொடங்குகிறது. அந்த எண்தான் பிழையானது.

டெல்லிக் காரும் கோயம்புத்தூர்க் காரும் ஒரே பொருளல்ல. கோயம்புத்தூர்க் காருக்குத் தமிழ்நாட்டின் ஆயுட்கால வரி ஏற்கெனவே கட்டப்பட்டிருக்கிறது. அந்த வரி 43 லட்சத்துக்குள் அடங்கியிருக்கிறது. டெல்லிக் காருக்கு அந்த வரியை இனி நீங்கள்தான் கட்ட வேண்டும். டெல்லியில் தனிநபர் வாங்கும் விலையுயர்ந்த பெட்ரோல் காருக்கு வரி 10 சதவீதம். தமிழ்நாட்டில் 2018-இல் 10 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு 15 சதவீதம் இருந்தது, 2023 நவம்பர் முதல் 20 லட்சத்துக்கு மேற்பட்ட புதிய காருக்கு 20 சதவீதமாகிவிட்டது. வடக்கே கார் மலிவாகத் தெரிவதற்கு இந்த வேறுபாடு ஒரு முக்கியக் காரணம். வெளிமாநிலத்துப் பழைய காருக்கு வயது ஏற ஏறச் சதவீதம் குறையும் என்பது உண்மையே. ஆனால் அந்தச் சதவீதம் நீங்கள் கொடுக்கும் 36 லட்சத்தின்மேல் கணக்கிடப்படுவதில்லை, கார் புதிதாக இருந்தபோது போட்ட ரசீது விலையின்மேல் கணக்கிடப்படுகிறது. 2016-இல் இந்தியாவில் அறிமுகமானபோதே இந்தக் காரின் ஷோரூம் விலை 65 லட்சம். 2018 ரசீது 70 லட்சத்துக்குக் குறைந்திருக்க வாய்ப்பில்லை என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் வரியின் ஒவ்வொரு சதவீதமும் உங்களுக்கு 70,000 ரூபாய். ஆறு சதவீதம் என்றால் 4.2 லட்சம்; பத்துச் சதவீதத்தை எட்டினால் நீங்கள் மிச்சம் என்று நினைக்கும் 7 லட்சம் முழுவதும் அதிலேயே கரைந்துவிடும். ஆகவே முன்பணம் அனுப்புவதற்கு முன்னரே அசல் ரசீதின் நகலைக் கேட்டு வாங்கி, அதைச் சேலம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் காட்டி, கட்ட வேண்டிய வரி எவ்வளவு என்று கணக்கிட்டு வாங்கிக்கொள்ளுங்கள். டெல்லியில் கட்டிய வரியில் ஒரு பகுதியைத் திரும்பக் கேட்கலாம் என்று விற்பவர் சொல்லக்கூடும். அந்தப் பணம் கைக்கு வரும் நாளில் வரட்டும், இன்றைய கணக்கில் அதைச் சேர்க்காதீர்கள்.

வெளிமாநிலக் காரை 12 மாதம் வரை அப்படியே ஓட்டலாம் என்று உங்களிடம் யாராவது சொல்லியிருப்பார்கள். மோட்டார் வாகனச் சட்டம் 47-ஆம் பிரிவு சொல்லும் அந்த 12 மாதம், வேலை மாற்றலாகித் தன் காரோடு வேறு மாநிலம் போகும் உரிமையாளருக்குப் பொருந்தும். உங்கள் விஷயத்தில் உரிமையாளரே மாறுகிறார். 50-ஆம் பிரிவின்படி, வாங்கிய 30 நாளுக்குள் உங்கள் முகவரிக்குரிய பதிவு அலுவலகத்தில் நீங்கள் பெயர் மாற்றத்தைத் தெரிவிக்க வேண்டும். வரியைத் தள்ளிப்போட இதில் இடமில்லை.

இப்போது ஓட்டிக்கொண்டு வரும் பயணத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் ஒரே ஒரு வரியில் சொல்லப்பட்டிருக்கும் இந்தப் பயணம்தான், பண அளவில், மொத்தத் திட்டத்திலும் ஆபத்தான பகுதி. டெல்லியிலிருந்து ஆக்ரா, குவாலியர், ஜான்சி, நாக்பூர், ஹைதராபாத், பெங்களூரு வழியாக 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் சேலம் வரை 2,300 கிலோமீட்டருக்கு மேல் வரும். 5 லிட்டர், எட்டு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின் கொண்ட கார் லிட்டருக்கு 7 கிலோமீட்டர் கொடுக்கிறது என்று கொண்டால் ஏறத்தாழ 335 லிட்டர் பெட்ரோல்; லிட்டர் 100 ரூபாய் என்றால் 33,500 ரூபாய். விமானக் கட்டணம், சுங்கம், தங்குமிடம், காரைச் சோதிக்கும் செலவு எல்லாம் சேர்த்து ஒரு லட்சம் ஒதுக்குங்கள். இது தாங்கக்கூடிய செலவுதான். தாங்க முடியாதது காப்பீட்டில் இருக்கும் ஓட்டை.

விற்பவரின் பெயரில் காப்பீடு நடப்பில் இருக்கிறது, அது காரோடு நமக்கு வந்துவிடும் என்று பலரும் நம்புகிறார்கள். பாதிதான் உண்மை. மோட்டார் வாகனச் சட்டம் 157-ஆம் பிரிவின்படி, கார் கை மாறும்போது காப்பீடும் மாறியதாகக் கருதப்படும். ஆனால் அது மூன்றாம் நபருக்கு ஏற்படும் பாதிப்புக்கு மட்டுமே பொருந்தும் என்றும், காருக்கே ஏற்படும் சேதத்துக்கு வாங்கியவர் இழப்பீடு கேட்க வேண்டுமானால் காப்பீட்டு நிறுவனம் அவரை ஏற்றுக்கொண்டிருக்க வேண்டும் என்றும் உச்ச நீதிமன்றம் கம்ப்ளீட் இன்சுலேஷன்ஸ் வழக்கில் 1990-களிலேயே கூறிவிட்டது. இதன் பொருளை உங்கள் பயணத்தில் வைத்துப் பாருங்கள். நீங்கள் பணம் முழுவதையும் கொடுத்துவிட்டீர்கள், காப்பீடு இன்னும் விற்றவரின் பெயரில் இருக்கிறது, தூக்கமில்லாத மூன்றாம் நாள் மாலையில், தருமபுரியைத் தாண்டியபின் தொப்பூர் கணவாயின் இறக்கத்தில் ஒரு லாரி காரின் பின்புறத்தில் மோதுகிறது. 36 லட்சம் ரூபாய் காருக்கான இழப்பீட்டை எந்த நிறுவனமும் மறுக்க அப்போது முழு வழியும் இருக்கும். அந்தக் கணவாயில் எத்தனை விபத்துகள் நடக்கின்றன என்பது சேலத்துக்காரரான உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

எனவே, உங்கள் பெயரில் சொந்தச் சேதக் காப்பீடு எந்த நாள், எந்த மணியிலிருந்து நடப்புக்கு வருகிறது என்பதை நிறுவனம் எழுத்தில் தந்த பிறகே சாவியை வாங்குங்கள். இழப்பீடு கேட்காத ஆண்டுகளுக்காக விற்பவருக்குப் பிரீமியத்தில் இப்போது கிடைக்கும் நோ கிளெய்ம் போனஸ் தள்ளுபடி அவருக்கே உரியது. காரோடு உங்களுக்கு வராது. 1,500 சி.சி.க்கு மேற்பட்ட காருக்கு மூன்றாம் நபர் காப்பீட்டின் ஆண்டுப் பிரீமியம் 2022-இல் 7,897 ரூபாய் என்று நிர்ணயிக்கப்பட்டது. பெரும்பகுதிச் செலவு சொந்தச் சேதப் பிரிவில்தான் வரும், அதற்கு இரண்டு மூன்று நிறுவனங்களிடம் விலை கேளுங்கள். எழுத்தில் உறுதி கிடைக்கவில்லை என்றால், மூடிய கார் லாரியில், போக்குவரத்துக் காப்பீட்டோடு, சேலத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள். மைத்துனரோடு நெடுஞ்சாலையில் வரும் மகிழ்ச்சி இதில் போய்விடும் என்பது எனக்குத் தெரியும்; ஆனாலும் அறிமுகமில்லாத, பின்சக்கரங்களால் இயங்கும், நானூறு குதிரைத்திறனுக்கு அருகில் இருக்கும் ஒரு காரை முதன்முதலாக ஓட்டிப் பழக 2,300 கிலோமீட்டர் நெடுஞ்சாலை ஏற்ற இடமல்ல என்றே நான் கருதுகிறேன். அப்படியும் ஓட்டித்தான் வருவேன் என்றால், விற்பவரின் ஃபாஸ்டேகை நம்பாமல் புதிதாக ஒன்று வாங்கி ஒட்டிக்கொள்ளுங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கங்களில் அச்சிட்டிருக்கும் தயாரிப்பு வாரத்தையும் ஆண்டையும் பாருங்கள். எட்டு ஆண்டு நின்ற ரப்பரில் வேகம் போவது உயிரோடு விளையாடுவது.

பத்திர விஷயத்தில் வரிசை முக்கியம். முதலில் ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரிடம் மட்டுமே பேசுங்கள், அவர் வங்கிக் கணக்குக்கு மட்டுமே பணம் அனுப்புங்கள்; இடைத்தரகரின் கணக்குக்கு ஒரு ரூபாயும் போகக் கூடாது. மத்திய அரசின் பரிவாகன் தளத்தில் கார் கடனில் இருக்கிறதா, கட்டாத அபராதம் இருக்கிறதா என்று பார்க்கலாம். களவுபோன வாகனமா என்பதை தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் தளத்தில் பார்க்கலாம். கடன் இருந்திருந்தால் வங்கியின் கடிதமும், ஆர்.சி.யிலிருந்து கடன் பதிவை நீக்கும் படிவம் 35-ம் தேவை. அதன்பின், படிவம் 28 மூலம் டெல்லி அலுவலகத்தில் என்.ஓ.சி. என்று எல்லோரும் சொல்லும் தடையின்மைச் சான்றை விற்பவர் வாங்க வேண்டும். சேலம் மேற்கு, கிழக்கு, தெற்கு என்று இருப்பதால், உங்கள் முகவரி எந்த அலுவலகத்தின் எல்லைக்குள் வருகிறதோ அதன் பெயர் அந்தச் சான்றில் இருக்க வேண்டும். பெயர் மாறிப் போனால் மறுபடியும் டெல்லிக்கு அலைய நேரும். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து, அசல் ரசீது, இரண்டு சாவிகள் ஆகியவை கையில் இருக்கும்போதுதான் பாக்கிப் பணத்தை ஆர்.டி.ஜி.எஸ். மூலம் அனுப்ப வேண்டும். 2 லட்சம் ரூபாய் அல்லது அதற்கு மேல் ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. ரொக்கமாகக் கொடுத்தால் விலை குறைப்பேன் என்று சொல்பவரிடம் மேற்கொண்டு பேச வேண்டாம். விற்பவர் அவசரப்படவும் நியாயம் உண்டு: பெயர் மாறும்வரை விபத்துக்கு ஆர்.சி.யில் பெயர் உள்ளவரே பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் நவீன் குமார் வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. அதை நினைவூட்டினால், நேர்மையானவர் என்.ஓ.சி.க்கு உடனே விண்ணப்பிப்பார்.

டெல்லிக் கார் என்பதால் இன்னொன்றும் கேட்க வேண்டும். 2023 ஜூலையில் யமுனை 208.66 மீட்டர் உயரத்தை எட்டியபோது நகரின் தாழ்வான பகுதிகளில் வெள்ளம் புகுந்தது. அந்த மாதத்துக்குப் பிறகான சர்வீஸ் பதிவுகளையும், காப்பீட்டில் இழப்பீடு வாங்கிய விவரத்தையும் கேளுங்கள். நீரில் நின்ற காரின் மின்கம்பிகள் ஆண்டுகள் கழித்தும் தொல்லை தரும். ஃபோர்டு 2021 செப்டம்பரில் இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது; இந்தக் காரோ முழுதாக இறக்குமதியானது. உதிரி பாகம் கிடைக்கும், ஆனால் காத்திருப்பும் விலையும் அதிகம். 2033-இல் 15 ஆண்டுப் பதிவு முடிந்தபின், இறக்குமதிக் காரின் பதிவைப் புதுப்பிக்க 2022 முதல் நடப்பில் உள்ள கட்டணமே 40,000 ரூபாய்.

உங்கள் பண ஏற்பாட்டைப் பற்றி. ஓவர்டிராஃப்டைத் தொடாதீர்கள் என்பதை எவ்வளவு வலியுறுத்தினாலும் போதாது. வெள்ளி கிலோ ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியபின், அதே அளவு கொலுசு செய்ய உங்கள் பட்டறைக்குத் தேவைப்படும் முதலீடு எப்படி உயர்ந்தது என்பதை என்னைவிட நீங்கள் அறிவீர்கள். கட்டி வெள்ளி வாங்க வைத்திருக்கும் வரம்பைக் காருக்குக் கொடுத்தால், தீபாவளி ஆர்டரைத் திருப்பி அனுப்ப நேரிடும். கார் கடனாக 15 லட்சத்தை 12.5 சதவீத வட்டியில் ஐந்து ஆண்டுக்கு வாங்கினால் மாதத் தவணை 33,750 ரூபாய் அளவில் வரும். வட்டி மட்டும் 5.25 லட்சம். மாத மிச்சமான 90,000-இல் இது முடியாததல்ல. ஆனால் 21 லட்சத்தை எடுத்தபின் வைப்புநிதியில் 9 லட்சம்தான் இருக்கும். வரி, காப்பீடு, பயணம் போனால் அது 3, 4 லட்சமாகிவிடும். பட்டறையில் வேலை செய்பவர்களின் கூலியும் உங்கள் குடும்பமும் அந்த 4 லட்சத்தை நம்பி நிற்பதை நான் ஏற்க மாட்டேன். பழைய கார் கடனுக்கு வெளிமாநிலப் பதிவெண் இருந்தால் வங்கிகள் கூடுதலாகத் தயங்கும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

பட்டறைக் கணக்கில் வாங்குவது உங்களுக்கு உதவாது. காருக்கான ஜி.எஸ்.டி.யை உள்ளீட்டு வரியாகக் கழிக்க முடியாது. 15 சதவீதத் தேய்மானத்தைத் தொழிலுக்குப் பயன்பட்ட அளவுக்கே கோர முடியும். ஞாயிற்றுக்கிழமை ஏற்காடு செல்லும் ஸ்போர்ட்ஸ் காரைக் கொலுசுத் தொழிலின் வாகனம் என்று காட்டுவது நேர்மையான கணக்காகாது. உங்கள் பெயரிலேயே வாங்குங்கள்.

என் பரிந்துரை இது. வைப்புநிதியில் 15 லட்சத்தை எதற்கும் தொடாத பணமாக ஒதுக்குங்கள். மாதம் 75,000 வீதம் ஓராண்டு சேர்த்தால் வட்டி இல்லாமலே 9 லட்சம். மீதமுள்ள 15 லட்சத்தோடு 24 லட்சமாகும். அதற்கு மேல் வேண்டியதற்கு மட்டும் கடன் வாங்குங்கள். இந்தக் கார்களின் விலை ஆண்டுக்கு ஆண்டு இறங்கக்கூடியது என்பதால் காத்திருப்பதில் நட்டமில்லை. அப்போது கோயம்புத்தூர்க் காரைப் போன்ற தமிழ்நாட்டுப் பதிவெண் உள்ளதையே முதலில் தேடுங்கள். ஒரு காலையில் போய், ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் வேகத்தடைகளிலும் அடிப்பாகம் இடிக்காமல் இந்தக் கார் ஏறுமா என்று விற்பவரை உடன் வைத்துக்கொண்டே பார்த்துவிடலாம். இந்த வசதி டெல்லிக் காரில் கிடையாது. 43 லட்சம் என்பது கேட்கும் விலைதான், பேசிக் குறைக்கலாம்.

டெல்லிக் காரை விட மனமில்லை என்றால், விற்பவரிடம் இன்றே அசல் ரசீது, காப்பீட்டின் நகல், சர்வீஸ் பதிவுகள் மூன்றையும் கேளுங்கள். ரசீதோடு போக்குவரத்து அலுவலகத்துக்குப் போய் வரித் தொகையை அறிந்தபின், அதையும் ஒரு லட்சம் பயணச் செலவையும் காப்பீட்டையும் 36 லட்சத்தோடு கூட்டி, கோயம்புத்தூர் விலையைவிட 3 லட்சமாவது குறைவாக வந்தால் மட்டும் மேற்கொண்டு பேசுங்கள். அதற்கும் குறைவான மிச்சத்துக்காக இவ்வளவு தொலைவிலுள்ள காரை வாங்கும் ஆபத்தை ஏற்க வேண்டியதில்லை. விமான டிக்கெட்டை அதற்கு முன் எடுக்க வேண்டாம்.