நெடுந்தூர ஓட்டத்தில் தென்னாப்பிரிக்கா திடீரென்று முன்னேறியது எப்படி?

திடீரென்று என்று சொல்ல மாட்டேன். 1996 அட்லாண்டா ஒலிம்பிக் மாரத்தானில் தங்கம் வாங்கிய ஜோசையா துக்வானே இந்த நாட்டுக்காரர்தான், நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். அதே ஆண்டு பெர்லின் மாரத்தானில் கொலீன் டி ரூக் பெண்கள் தேசிய சாதனையாக 2:26:35 (2 மணி 26 நிமிடம் 35 விநாடி), 1999இல் டோக்கியோ மாரத்தானில் கெர்ட் தைஸ் ஆண்கள் சாதனையாக 2:06:33. அப்புறம் நீண்ட தூக்கம். டி ரூக்கின் தேசிய சாதனையை முறியடிக்க 2021இல் கெர்டா ஸ்டெய்ன் வரவேண்டியிருந்தது. தைஸின் சாதனை 2025 வரை அசையவில்லை. ஹாம்பர்க்கில் எல்ராய் கெலான்ட் 2:05:36இல் ஓடி அதை முடித்து வைத்தார்.

இந்தத் தூக்கத்துக்குப் பாதிப் பழி எங்கள் டர்பன் பக்கத்து காம்ரேட்ஸ் ஓட்டத்தின் மேல்தான் என்பது என் கட்சி. டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்குக்கும் இடையே கிட்டத்தட்ட 90 கிலோமீட்டர், மேடும் பள்ளமுமாக. 1975இல்தான் இந்திய வம்சாவளியான நம்மவர்கள், கறுப்பினத்தவர், பெண்கள் எல்லோருக்கும் முறைப்படி கதவு திறந்தது. அதனாலேயே நம் ஆட்களுக்கு அதன் மேல் தனிப் பிரியம். வழியில் வரும் கவீஸ் ஹில் ஏற்றத்தில் நின்று பாருங்கள்: வேகவைத்த உருளைக்கிழங்கைத் துண்டுபோட்டு, உப்புத் தூவி, தட்டோடு நீட்டுவார்கள். பத்துமுறை முடித்தவருக்குப் பச்சை எண், அதாவது அவருக்கே நிரந்தரமாகச் சொந்தமான ஓட்ட எண். டர்பனில் எங்கள் சாட்ஸ்வர்த் பகுதியில் பச்சை எண் வாங்கிய மாமா ஒருவரிடம் கெலான்ட் சாதனையைச் சொன்னேன். "சரி, காம்ரேட்ஸ் எப்போ ஓடுவானாம்?" என்றார். 42 கிலோமீட்டர் மாரத்தான் இங்கே பலருக்கு வெறும் தகுதிச்சுற்று! பரிசும் பேரும் அந்த 90இல் இருந்தால், வேகக்காரனும் அங்கேதானே போவான்?

இப்போது அது மாறுகிறது. சீரஸ் ஊர்ப் பையன் ஏட்ரியன் வில்ட்ஷட் அமெரிக்கக் கல்லூரிக்குப் போய், டிராக்கிலேயே நின்று வளர்ந்தவர். 2024 பாரிஸில் 10,000 மீட்டரை 26:50.64இல் முடித்தார். தேசிய சாதனை, ஆனால் பத்தாவது இடம். தங்கம் 26:43.14. அதே ஆண்டு கேப் டவுனில் க்ளென்ரோஸ் காபா தன் முதல் மாரத்தானையே 2:22:22இல் ஓடி, பெண்கள் சாதனையைத் தன் பேருக்கு மாற்றிக்கொண்டார். இரண்டு பக்கமும் கால்வைக்க முடிகிறவர் கெர்டா ஸ்டெய்ன் மட்டும்தான். 2024 ஜூனில் காம்ரேட்ஸ் ஏற்ற ஓட்டத்தை (டர்பனிலிருந்து மேல்நோக்கி ஓடுவது) 5:49:46இல் வென்றுவிட்டு, ஆகஸ்டில் ஒலிம்பிக் மாரத்தானுக்குப் போனார். எல்லோருக்கும் அது கட்டுப்படியாகாது.

அடிப்பாகத்தில் கார்பன் தகடு வைத்து, ஓட்டத்தை வேகமாக்கும் ஷூவுக்கும் இதில் பங்கு உண்டு. ஆனால் அது உலகம் முழுக்க எல்லோர் காலிலும் இருக்கிறது. அதனால் நேரத்தைவிட இடத்தைப் பாருங்கள்: பாரிஸ் மாரத்தானில் கெலான்ட் பதினொன்றாவது. முன்னேற்றம் உண்மைதான், துக்வானேவுக்குப் பிறகு ஒலிம்பிக் மாரத்தான் பதக்கம் மட்டும் இன்னும் வரவில்லை.