சிவியின் தலையில் வரும் அந்த நாலு வரி

ஏ.எல். (உயர்தரம்) முடித்து ஏஏடி என்ற கணக்கியல் படிப்புப் படிக்கிறேன், பெரிய அனுபவம் இல்லை, வேலைக்கு அனுப்பும் சிவியின் (சுயவிபரக் கோவையின்) தொடக்கத்தில் என்னதான் எழுதுவது என்று கேட்டிருக்கிறீர்கள். எதை எழுதக்கூடாது என்பதை முதலில் சொல்கிறேன், அதை எழுதி மாட்டுப்பட்டவன் நான்.

என் முதல் சிவியை வெள்ளவத்தையில் டைப் அடித்துக் கொடுக்கும் ஒரு கொமினிகேஷன் கடையில் கொடுத்துத்தான் அடித்தேன். பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம் எல்லாம் கேட்டுக் கேட்டு அடித்த அண்ணா, ‘பெயர்பெற்ற நிறுவனமொன்றில் சவால்மிக்க பதவியைப் பெற்று என் திறமைகளை வெளிப்படுத்துவதே குறிக்கோள்’ என்பதை மட்டும் கேட்காமலே இங்கிலீஷில் போட்டுவிட்டார், எனக்கு முன்னால் வந்தவருடைய ஃபைலில் கிடந்தது. இன்டர்வியூவில் இருந்த மேடம் அந்த வரியில் பேனையை வைத்து, “என்ன மாதிரிச் சவால் வேணும்?” என்றார். ஏசி அறையில் வேர்த்தது.

இப்போது கணக்குப் பிரிவுக்கு ஆள் எடுக்கும்போது சிவிகள் என் மேசைக்கும் வரும். அதே வரி இன்னும் சாகவில்லை. ‘கடின உழைப்பாளி’யும் அப்படித்தான், சோம்பேறி என்று யார் எழுதப்போகிறார்கள்?

போன மாதம் சித்தியின் மகன் சிவி கொண்டுவந்தான். புறக்கோட்டை நாலாம் குறுக்குத் தெருவில் வெங்காயம், சீனி மொத்தக் கடையொன்றில் இரண்டு வருடம். “அண்ணா, கடையில சும்மா கணக்குப் பார்த்தனான், அதையெல்லாம் போடுறதா?” என்றான். இருத்தி வைத்துக் கேட்டால், கடனுக்கு எடுக்கும் 60 பேரின் கணக்கும் அவன் கையில், எந்த செக் எந்தத் திகதிக்குப் போடவேண்டும் என்பதும் அவனுக்குத்தான் தெரியும், 11 பேரின் சம்பளத்தில் 8 வீதம் பிடித்து முதலாளியின் 12 வீதத்தையும் சேர்த்து மாதாமாதம் ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) கட்டியதும் அவன்தான். தம்புள்ளை முதலாளிமாரோடு போனில் சிங்களத்தில் விலை பேசுகிறவன், அதைக் கடைசிப் பக்கத்தில் ‘மொழிகள்’ என்ற இடத்தில் ஒளித்து வைத்திருந்தான்!

கடைசியில் இப்படி வந்தது: ‘ஏஏடி மாணவன். மொத்த வியாபாரக் கடையில் இரண்டு வருடம் 60 கடன் வாடிக்கையாளர்களின் கணக்கு, பின்திகதியிட்ட காசோலைகள், 11 ஊழியர்களின் சம்பளம், ஈபிஎஃப் ஆகியவற்றைப் பார்த்தேன். தமிழிலும் சிங்களத்திலும் விலை பேசுவேன்.’ அவ்வளவுதான். இதில் எந்த இடத்தைப் பிடித்துக் கேட்டாலும் அவனுக்குச் சொல்ல ஒரு கதை இருக்கிறது, செக் திரும்பினால் என்ன செய்வாய் என்று கேட்டால் அரை மணித்தியாலம் பேசுவான்.

உங்களிடமும் ஏதாவது இருக்கும். கோயில் திருவிழாவுக்கு ரசீதுப் புத்தகம் பார்த்தது, பள்ளிக்கூட மன்றத்தில் பொருளாளராக இருந்தது, மாமாவின் கடையில் ஸ்டொக் எடுத்தது, எதுவானாலும் எத்தனை, எவ்வளவு காலம் என்று போடுங்கள். செய்யாததைப் போடவேண்டாம். மிச்சம் எல்லாம் எழுதி முடித்தபிறகு இதை எழுதுங்கள், முதலில் தமிழில் யோசித்துவிட்டு அப்புறம் இங்கிலீஷில்.

அப்புறம், ஒவ்வொரு விளம்பரத்துக்கும் அந்த வரிகளை மாற்றுங்கள், மாற்றியதைத் திரும்ப வாசியுங்கள். எங்களுக்கு வந்த ஒரு சிவி ‘உங்கள் வங்கியில் வளர விரும்புகிறேன்’ என்று தொடங்கியது. நாங்கள் டைல்ஸ் விற்கிறோம்.