அந்தச் சகோதரியிடம் நேரில் போய்ப் பேசுங்கள்

அன்பின் சகோதரி, உங்கள் சபைக்குப் புதிதாக வந்தவர் ஆசீர்வாதம் கூறுமுன்பே எழுந்து போய்விடுகிறார், யாரிடமும் பேசுவதில்லை, "பெருமைக்காரி" என்று பெண்கள் ஐக்கியத்தில் சொல்லிவிட்டேன், அது அவர் காதுக்கும் எட்டிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள்.

வேதாகமத்தில் 1 சாமுவேல் முதல் அதிகாரத்தை இன்றைக்கு ஒருமுறை நிதானமாக வாசியுங்கள். பிள்ளையில்லாத அன்னாள் ஆலயத்தில் ஜெபித்துக்கொண்டிருந்தாள்; அவள் உதடுகள் அசைந்தன, சத்தம் வரவில்லை. வாசல் நிலையண்டை உட்கார்ந்திருந்த ஆசாரியர் ஏலி அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்து, குடித்திருக்கிறாள் என்று முடிவு கட்டினார். அவர் கண்ணால் பார்த்தது உண்மைதான், சொன்ன அர்த்தம்தான் தப்பு. அவள் தன் மனவேதனையைச் சொன்னதும் ஏலி தன் வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை. சமாதானத்தோடே போ என்று ஆசீர்வதித்தார். எனக்கு இதுதான் பெரிதாகப் படுகிறது.

எங்கள் சபையில் ஒரு அண்ணன் பிரசங்கத்தில் வாராவாரம் தூங்குவார். எனக்கு எரிச்சலாக வரும். ஒருநாள் அவர் பெஞ்சுக்கடியில் டிபன் கேரியரும் டார்ச் லைட்டும் இருந்த பையைப் பார்த்தேன். இரவுக் காவல் முடிந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே கோவிலுக்கு வந்திருக்கிறார்!

நீங்கள் தனியாகப் போங்கள். "உங்களைப் பற்றித் தப்பாகப் பேசிவிட்டேன், மன்னியுங்கள்" என்று மட்டும் சொல்லுங்கள். ஏன் சீக்கிரம் போகிறீர்கள் என்று கேட்காதீர்கள். பிறகு ஐக்கியத்தில் யார்யாரிடம் சொன்னீர்களோ, அவர்களிடமும் அதைத் திருத்திச் சொல்லுங்கள். அதுதான் கஷ்டம், ஆனாலும் செய்யுங்கள். உங்களுக்காக ஜெபிக்கிறேன்.