வாசகர் கேள்வி பதில்: அசீரியாவை எழுதும்போது எதை நம்புவது?

கேள்வி: கல்லூரி இதழுக்காக அசீரியப் பேரரசு பற்றி ஒரு தொடர் எழுதுகிறேன். கர்கார் போரில் செத்தவர்கள் 14,000 என்று ஒரு புத்தகம் சொல்கிறது, 25,000 என்று இன்னொன்று. வரைபடங்களும் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை. எதை எடுத்துக்கொள்வது?
- ஒரு வாசகி, பாளையங்கோட்டை

பதில்: இரண்டு புத்தகங்களுமே கல்வெட்டைப் பார்த்துத்தான் எழுதியிருக்கின்றன, ஆனால் வேறு வேறு கல்வெட்டு. கி.மு. 853-இல் சிரியாவில் ஒரோண்டஸ் ஆற்றங்கரையில் நடந்த போர் அது. இன்றைய வட ஈராக்கை மையமாகக் கொண்ட அசீரியாவின் மன்னர் மூன்றாம் சல்மனாசர் ஒரு பக்கம், தமஸ்கு, ஆமாத் என்ற சிரிய அரசுகள், இஸ்ரவேல் மன்னர் ஆகாப் என்று ஒரு பெரிய கூட்டணி எதிர்ப்பக்கம். போர் நடந்த கொஞ்ச காலத்திலேயே வெட்டிய, குர்க் என்ற ஊரில் கிடைத்த கல்லில் கொல்லப்பட்டவர்கள் 14,000. பின்னால் வந்த கறுப்புத் தூணில் 20,500, காளைச் சிற்பங்களில் 25,000, அசூர் நகரில் கிடைத்த சிலையில் 29,000. அதே மன்னன், அதே போர். பிற்காலக் கல்வெட்டு எதிலும் முதல் எண்ணிக்கை குறையவில்லை, ஏறித்தான் இருக்கிறது. இவ்வளவு பேரைக் கொன்று முழு வெற்றி கண்டேன் என்கிறவர் 849, 848, 845 என்று மறுபடி மறுபடி அதே கூட்டணியோடு மோதப் போயிருக்கிறார் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். எனவே எண்ணை எழுதினால் அது எந்தக் கல்வெட்டில் இருக்கிறது என்பதையும் அதே வாக்கியத்தில் எழுதிவிடுங்கள்.

இவை நம் மெய்க்கீர்த்தி மாதிரியான எழுத்து. கடவுளுக்கும் பின்னால் வரப்போகும் மன்னர்களுக்கும் சொல்வதற்காக எழுதிக் கட்டட அஸ்திவாரத்தில்கூடப் புதைத்தார்கள். தோல்வியை அதில் எதிர்பார்க்க முடியாது. கி.மு. 691-இல் ஹலூலே என்ற இடத்தில் நடந்த போரில் எதிரிகளை நொறுக்கியதாக அசீரிய மன்னர் சனகெரிப் விரிவாக எழுதிவைத்திருக்கிறார். பாபிலோனியர் எழுதிய ஆண்டுக் குறிப்போ அசீரியா பின்வாங்கியது என்று ஒரே வரியில் முடிக்கிறது.

அதற்காக அரசக் கல்வெட்டு முழுவதையும் பொய் என்று ஒதுக்கிவிடவும் கூடாது. கி.மு. 701-இல் சனகெரிப் யூதாவுக்குள் புகுந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். எருசலேமில் யூதாவின் மன்னர் எசேக்கியாவைக் கூண்டுப் பறவைபோல் அடைத்தேன் என்கிறது அவருடைய ஆறுமுகக் களிமண் பட்டகம். நகரத்தைப் பிடித்தேன் என்று அதில் எங்கேயும் இல்லை. கப்பமாக வந்தது 30 தாலந்து (அந்தக் கால எடை அளவு) பொன், 800 தாலந்து வெள்ளி என்று இருக்கிறது. விவிலியத்தின் இரண்டாம் இராஜாக்கள் நூலோ 30 தாலந்து பொன், 300 தாலந்து வெள்ளி என்கிறது. வெள்ளியில் இடிக்கிறது, சரி. ஆனால் ஒருவருக்கொருவர் எதிரியான இரண்டு தரப்பும் பொன்னில் ஒரே எண்ணைச் சொல்கிறார்களே, அந்த இடத்தில் நீங்கள் தைரியமாகக் கால் வைக்கலாம். அப்புறம் யூதாவின் கோட்டை நகரமான லாகீஸ். பட்டகத்தில் அந்த ஊர்ப் பெயரே கிடையாது, ஆனால் நினிவே அரண்மனையில் ஓர் அறை முழுக்க அந்த முற்றுகையைத்தான் செதுக்கியிருக்கிறார்கள்: மண்ணும் கல்லும் கொட்டிய சரிவில் ஏறும் முற்றுகைப் பொறிகள், மதிலிலிருந்து விழும் தீப்பந்தங்கள், மூட்டை முடிச்சோடு வெளியேறும் குடும்பங்கள். லாகீஸ் மேட்டைத் தோண்டியபோது அந்தச் சரிவே கிடைத்தது. சிற்பமும் மண்ணும் விவிலியமும் ஒன்றாகச் சொல்வதைப் பட்டகம் விட்டுவிட்டது என்றால், ஒரு மூலத்தில் இல்லை என்பதை வைத்து நடக்கவேயில்லை என்று எழுதக்கூடாது என்பது புரியும்.

வரைபடத்துக்கு வருகிறேன். நிறையப் புத்தகங்களில் எகிப்திலிருந்து ஏலாம்வரை (இன்றைய தென்மேற்கு ஈரான்) ஒரே வண்ணம் அடித்து ‘உச்சகட்ட அசீரியா’ என்று போடுகிறார்கள். எந்த வருஷத்துக்கு என்று கேளுங்கள். அசீரிய மன்னர் எசர்ஹதோன் எகிப்தின் மெம்பிஸ் நகரைப் பிடித்தது கி.மு. 671, 650-களிலேயே எகிப்து கைவிட்டுப் போய்விட்டது. அவருடைய மகன் அசூர்பானிபால் ஏலாமின் சூசா நகரைச் சூறையாடியது 647 வாக்கில். அந்தப் படத்தில் இருக்கிற பேரரசு எந்த ஒரு நாளிலும் இருந்ததில்லை! போதாக்குறைக்கு நேரடி ஆளுநர் இருந்த மாகாணம், கப்பம் மட்டும் கட்டிய சிற்றரசு, கொள்ளையடித்துவிட்டுத் திரும்பிய ஊர் எல்லாவற்றுக்கும் ஒரே வண்ணம்.

அம்புக்குறி போட்ட படையெடுப்புப் படங்களில் இன்னும் கவனம் வேண்டும். கி.மு. 714-இல் அசீரிய மன்னர் இரண்டாம் சர்கோன் வடக்கே இருந்த உரார்த்து அரசின்மீது போன பயணத்தை அசூர் தெய்வத்துக்கு எழுதிய கடிதமாகவே அனுப்பியிருக்கிறார், அந்தக் களிமண் பலகை லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மலை, ஆறு, கோட்டை என்று பெயர்கள் ஏராளம். உறுதியாக இடம் தெரிந்தவை கொஞ்சம். 1912-இல் அதை முதலில் பதிப்பித்த பிரெஞ்சு அறிஞர் படையை இன்றைய துருக்கியிலுள்ள வான் ஏரியையும் சுற்றவைத்தார், பிற்பாடு வந்த பலர் ஈரானிலுள்ள உர்மியா ஏரிப் பக்கத்தோடு நிறுத்திவிட்டார்கள். ஒரே கடிதத்தை வைத்து வரைந்த இரண்டு கோடுகளுக்கு நடுவே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர். உங்கள் தொடரில் படம் போட்டால் உறுதியில்லாத வழியைப் புள்ளிக்கோடாகப் போடுங்கள், படத்தின் தலையில் ஆண்டையும் எழுதுங்கள்.

மொழிபெயர்ப்புக்குப் பழைய தொகுப்புகளோடு நின்றுவிடாதீர்கள். பென்சில்வேனியா பல்கலைக்கழகம் நடத்திய அரசக் கல்வெட்டுத் தொகுப்பு ஓராக் (Oracc) இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது, மூலமும் ஆங்கிலமும் பக்கத்தில் பக்கத்தில்.

கேள்வி: தாத்தா வைத்திருந்த பழைய ஆங்கிலப் புத்தகத்தில் நிம்ருத் என்ற இடத்தை நினிவே என்று போட்டிருக்கிறது. அச்சுப் பிழையா?
- ஒரு வாசகர், காரைக்குடி

பதில்: அச்சுப் பிழை இல்லை, அன்றைக்கு அப்படித்தான் நம்பினார்கள். 1843-இல் வட ஈராக்கின் கோர்சாபாத்தைத் தோண்டத் தொடங்கிய பிரெஞ்சுக்காரர் போத்தா அதுதான் நினிவே என்றார். 1845-இல் நிம்ருதில் இறங்கிய ஆங்கிலேயர் லேயார்டு இதுதான் என்றார், 1849-இல் வந்த அவருடைய புத்தகத்தின் தலைப்பிலேயே நினிவே இருக்கிறது. அசீரியர் களிமண்ணிலும் கல்லிலும் எழுதிய ஆப்பெழுத்தைப் படிக்க முடிந்த பிறகுதான் கோர்சாபாத் என்பது துர்-சாருக்கின், நிம்ருத் என்பது கல்ஹூ, இரண்டும் வேறு அசீரிய நகரங்கள் என்று தெளிவானது. உண்மையான நினிவே மோசுல் நகருக்கு எதிரே, டைகிரிஸின் மறுகரையில் இருக்கிறது. புத்தகத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். லேயார்டு காலத்தில் வரைந்த சிற்பங்களில் சில இன்று அந்த ஓவியங்களில் மட்டுமே மிஞ்சியிருக்கின்றன.