நாத்தனாருக்குப் பின்னிய ஸ்வெட்டர்

அன்புள்ள அக்கா,

எனக்குச் சொந்த ஊர் தூத்துக்குடி, இப்போது இருப்பது கனடாவில், மிசிசாகாவில். குளிர்காலத்தில் பொழுது போகாமல் யூடியூப் பார்த்து உல்லன் பின்னக் கற்றுக்கொண்டேன். இந்தக் கிறிஸ்துமஸுக்குக் கடையில் எதுவும் வாங்கப்போவதில்லை, எல்லாம் என் கையால்தான் என்று வீட்டில் அறிவித்தும் விட்டேன். மரத்தில் தொங்கவிட நார்வே பாணியில் சிவப்பும் வெள்ளையுமாக உருண்டைகள், மாமனாருக்குக் காலுறை, நாத்தனாருக்கு மெரினோ ஆட்டுக் கம்பளியில் ஸ்வெட்டர். உருண்டைகளில் ஒன்றுகூட உருண்டையாக வரவில்லை. நனைத்துக் காயவைத்ததில் வெள்ளையெல்லாம் ரோஸ் நிறமாகிவிட்டது. காலுறையில் ஒற்றைக் கால்தான் முடிந்தது. ஸ்வெட்டர் மட்டும் நன்றாக வந்தது. நாத்தனார் அதைப் பண்டிகையன்று போட்டுப் படமெல்லாம் எடுத்தாள். இரண்டே நாளில் வாஷிங் மெஷினில் போட்டு, டிரையரிலும் சுற்றவிட்டாள். இப்போது அது என் மூன்று வயது மகளுக்குச் சரியாக இருக்கிறது. "சுருங்கிப்போச்சே மதினி" என்று சிரிக்கிறாள். எனக்கு அழுகைதான் வந்தது. கையால் செய்து கொடுத்தால் இவ்வளவுதானா மதிப்பு?

(பெயர் போட வேண்டாம்.)

அன்புத் தங்கைக்கு,

நாத்தனார் பக்கம்தான் பேசப்போகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அவள் உங்கள் ஸ்வெட்டரை அலமாரியில் மடித்து வைத்துவிடவில்லை. போட்டாள், அழுக்கானது, மற்ற துணிகளோடு சேர்த்துத் துவைத்தாள். பிடித்த உடையை எல்லோரும் அப்படித்தான் நடத்துவார்கள். கம்பளியைக் கையால் அலச வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும், அவளுக்கு யார் சொன்னது?

ஆட்டு ரோமத்தின் ஒவ்வொரு இழையிலும் கண்ணுக்குத் தெரியாத செதில்கள் உண்டு. வெந்நீரும் சோப்பும் பட்டு, கூடவே அலைக்கழிப்பும் சேர்ந்தால் இழைகள் ஒன்றுக்குள் ஒன்று நகர்ந்து, செதிலோடு செதில் மாட்டிக்கொள்ளும். பிறகு பிரியாது. வாஷிங் மெஷினில் இந்த மூன்றுமே கிடைக்கும். மிச்சம் மீதி இருந்தால் டிரையர் பார்த்துக்கொள்ளும். தலைமுடிக்குப் போடும் கண்டிஷனரில் ஊறவைத்து இழுத்தால் பழைய அளவுக்கு வரும் என்று இணையத்தில் சொல்வார்கள். பெரியவள் சட்டை பிள்ளை அளவுக்கு இறுகிய பிறகு அதெல்லாம் வேலைக்காகாது.

நூல்கண்டைச் சுற்றி ஒரு காகிதப் பட்டை இருக்குமே, பரிசு கொடுக்கும்போது அதையும் சேர்த்துக் கொடுங்கள். கையால் துவைப்பதா மெஷினில் போடலாமா என்று அதில் படம் போட்டிருக்கும். கிழிந்தால் தைக்க அதே நூலில் ஒரு முழம் சுற்றி வைத்தால் இன்னும் நல்லது. அதைவிட முக்கியம், நூல் வாங்குவதற்கு முன்பே அந்த வீட்டில் யார் துவைக்கிறார்கள், எப்படித் துவைக்கிறார்கள் என்று யோசிப்பது. கையில் துவைக்க வேண்டிய ஸ்வெட்டரைப் பரிசாகக் கொடுத்தால், வாரம்தோறும் ஒரு வேலையையும் சேர்த்துக் கொடுக்கிறோம். வேலைக்குப் போகிற, கைக்குழந்தை வைத்திருக்கிற பெண்ணுக்கு அது பரிசே இல்லை என்பேன்.

இப்படிப்பட்டவர்களுக்கென்றே 'சூப்பர்வாஷ்' என்று எழுதிய கம்பளி நூல் கிடைக்கிறது. பெரும்பாலும் குளோரினால் அந்தச் செதில்களை மழுக்கி, மேலே மெல்லிய பிசின் பூச்சு கொடுத்திருப்பார்கள். மெஷினுக்குத் தாங்கும். ஆனால் நனைந்தால் தொளதொளவென்று நீளும், அதனால் மாதிரித் துண்டு பின்னி, துவைத்த பிறகு அளவெடுங்கள். அக்ரிலிக் என்ற செயற்கை நூல் இன்னும் சுலபம், விலையும் குறைவு. அதற்கு எமன் இஸ்திரிப் பெட்டி. சூடு பட்டால் துவண்டுபோகும், திரும்ப நிமிராது. மெரினோவைப் பார்த்துவிட்டு அக்ரிலிக்கை மட்டமாக நினைக்கிறவர்கள் உண்டு. குழந்தை உடுப்புக்கு நான் அக்ரிலிக் பக்கம்தான்.

சரி, இப்போது உருண்டைகள். அவை ஏன் கோணின என்று படம் பார்க்காமலே ஊகிக்கிறேன். இரண்டு நிறத்தில் பின்னும்போது, முறைக்குக் காத்திருக்கும் நூல் துணியின் பின்புறமாக ஓடும். புதிதாகப் பின்னுகிறவர்கள் அதை இழுத்துப் பிடிப்பார்கள், துணி சுருங்கிக் கோணிக்கொள்ளும். ஒவ்வொரு முறை நிறம் மாற்றும்போதும் வலது ஊசியில் இருக்கும் கண்ணிகளை, அதாவது நூல் வளையங்களை, விரலால் பரப்பிவிட்டு அடுத்ததைப் பின்னுங்கள். உருண்டைக்குள் பஞ்சை ஒரே கட்டியாகத் திணிக்கக் கூடாது. சிட்டிகை சிட்டிகையாகப் பிய்த்து, முதலில் ஓரங்களில் வைத்து, கடைசியில் நடுவை நிரப்ப வேண்டும். நனைக்கவும் தேவையில்லை, பஞ்சு வைப்பதற்கு முன் லேசாக ஆவி காட்டினால் போதும். சிவப்பு நூலை மட்டும் பின்னுவதற்கு முன்பே ஈரமாக்கி வெள்ளைத் துணியில் ஒற்றிப் பாருங்கள். சாயம் இறங்குமா என்று அப்போதே தெரிந்துவிடும்.

நீங்கள் பின்னியதில் எட்டு இதழ் நட்சத்திரம் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன், நார்வே பாணியில் அதை அடிக்கடி பார்க்கலாம். நார்வேயின் நடுப்பகுதியில் செல்பு என்று ஓர் ஊர். 1857இல் மாரித் எம்ஸ்டா என்ற இளம்பெண் இந்த வடிவத்தைக் கறுப்பு வெள்ளையில் கையுறையாகப் பின்னினாள். அந்தக் கையுறைகளை அணிந்து சர்ச்சுக்குப் போனதும் எல்லோர் கண்ணும் அங்கேதான். பிறகு ஊரே பின்ன ஆரம்பித்தது, வெளியே விற்கவும் ஆரம்பித்தது. அங்கே கல்யாணத்துக்கு வந்தவர்களுக்கும் கையுறை பரிசு கொடுப்பார்கள். கையுறை, கவனியுங்கள். ஸ்வெட்டர் இல்லை. ஒரு கல்யாணத்துக்கு எத்தனை ஜோடி வேண்டும் என்று தெரிந்தவர்கள் சின்னப் பொருளைத்தான் தேர்ந்தெடுப்பார்கள்.

உங்கள் சிக்கலே அங்கேதான் என்று நினைக்கிறேன். ஒரு கணக்குப் போடுவோம். பத்து செ.மீ. அகலத்தில் 20 கண்ணி, பத்து செ.மீ. உயரத்தில் 28 வரிசை என்று வைத்துக்கொண்டால், 50 செ.மீ. அகலமும் 60 செ.மீ. உயரமும் உள்ள முன்பக்கத்துக்கு மட்டும் 16,800 கண்ணி. பின்பக்கம், இரண்டு கைகள் எல்லாம் சேர்த்தால் 48,000ஐத் தாண்டும். நிமிடத்துக்கு 30 கண்ணி பின்னுகிறவருக்கே 26 மணி நேரத்துக்கு மேல். கற்றுக்கொண்டு ஓராண்டுகூட ஆகாதவருக்கு அதைப்போல் இரண்டு மடங்கு, பிரித்துப் பின்னுவது தனி. ஒரு குல்லாய் 6,000 கண்ணிக்குள் அடங்கிவிடும். கனடாவில் குல்லாய் வேண்டாம் என்று யார் சொல்லப்போகிறார்கள்?

பண்டிகைக்குள் கம்பளி வேலையை முடிக்கிற பதற்றம் உங்களுக்கு மட்டும் வந்ததில்லை. ஐஸ்லாந்தில் ஒரு கிறிஸ்துமஸ் பூனை உண்டு. வீட்டைவிடப் பெரியதாகச் சித்திரிப்பார்கள். பண்டிகைக்குப் புதுத்துணி கிடைக்காதவர்களை அது பிடித்துத் தின்றுவிடும். யோஹானஸ் உர் கோட்லும் என்ற கவிஞர் 1932இல் எழுதிய பாட்டுக்குப் பிறகு எல்லாக் குழந்தைகளுக்கும் அந்தப் பூனையைத் தெரிந்துவிட்டது. இலையுதிர்காலத்துக் கம்பளியைக் கிறிஸ்துமஸுக்குள் நூற்று, பின்னி முடிக்க ஆட்களை விரட்டத்தான் இந்தக் கதை என்று ஒரு விளக்கம் சொல்வார்கள். வேலையில் பங்கெடுத்தவர்களுக்குப் புதுத்துணி, சோம்பேறிக்குப் பூனை! தீபாவளிக்கு முந்தின இரவு தையற்கடை வாசலில் நின்றிருக்கிற நமக்கு இது நன்றாகப் புரியும். இன்றைக்கு நாம் ஆசைக்குப் பின்னுகிறோம், பூனையை மட்டும் ஏன் கூடவே வளர்க்க வேண்டும்? ஆகஸ்டிலேயே தொடங்குங்கள், இல்லாவிட்டால் ஒருவருக்கு மட்டும் பின்னுங்கள். எல்லாம் என் கையால்தான் என்று முன்கூட்டி அறிவிப்பதையாவது விடுங்கள்.

சுருங்கிய ஸ்வெட்டர் மகளுக்குச் சரியாக இருந்தால் அவளே போடட்டும். இறுகிய கம்பளி காற்றை நன்றாகத் தடுக்கும், மிசிசாகா குளிருக்கு ஏற்றது. அவளுக்கும் சின்னதான பிறகு கத்தரியால் வெட்டுங்கள். நன்றாக இறுகியிருந்தால் நூல் பிரியாது, ஓரம் அடிக்கவும் வேண்டாம். நட்சத்திரம், மணி, மீன் என்று எந்த வடிவத்தில் வேண்டுமானாலும் வெட்டி, ஒரு நூல் கோத்து மரத்தில் தொங்கவிடலாம். நாத்தனாருக்கும் நாலைந்து கொடுங்கள், அவளுக்கும் அதில் பங்கு உண்டே.

மாமனாரின் காலுறைக்கு இன்னும் நேரம் இருக்கிறது. மூன்று ராஜாக்கள் திருநாள் ஜனவரி 6, அதுவரை கிறிஸ்துமஸ்தான். அதற்குள்ளும் முடியாவிட்டால் அந்த ஒற்றைக் காலையே மிட்டாய் போட்டு மாட்டிவிடுங்கள், அதற்கு ஜோடி கேட்க மாட்டார்கள்.

அன்புடன்,
அக்கா