முட்டுச்சந்து பின்னாளில் திறக்குமா?

கேள்வி: நகர விளிம்பில் புதிய மனைப்பிரிவு ஒன்றில் மனை பார்த்திருக்கிறோம். தெரு முட்டுச்சந்தாக முடிகிறது. ஊர் வளர வளர அது பக்கத்து மனைப்பிரிவோடு சேர்ந்துவிடும் என்கிறார் தரகர். நம்பலாமா?

பதில்: அவருடைய வாய்ச்சொல்லை நம்பி முன்பணம் கொடுக்காதீர்கள். ஊர் வளர்வதால் தெருக்கள் தாமாகச் சேர்ந்துவிடுவதில்லை. தெரு முட்டும் இடத்துக்கு அப்பால் ஒருவர் வீடு கட்டிவிட்டால் அந்த வழி அத்தோடு அடைபட்டுவிடும். கட்டடங்கள் மாறினாலும் தெருவின் தடம் எளிதில் மாறாது. 1666இல் லண்டன் மாநகரின் பெரும்பகுதி தீக்கிரையானபோது, நேரான புதிய வீதிகளுக்குத் திட்டங்கள் வரையப்பட்டும், மனை உரிமைகள் குறுக்கே நின்றதால், நகரம் பெரும்பாலும் பழைய தெருக்களின் மேலேயே மீண்டும் எழுந்தது.

நகரங்கள் பரவும்போது ஒவ்வொரு நில உரிமையாளரும் தம் நிலத்தை மட்டும் பிரித்து, பிரதான சாலைக்கு ஒரே வாயில் வைத்துவிடுகிறார்கள். ஒப்புதல் தரும் அலுவலகமோ வேலிக்கு உள்ளே சாலையின் அகலத்தை அளப்பதோடு சரி. வேலிக்கு அப்பால் உள்ள தெருவோடு அது பொருந்துகிறதா என்று பெரும்பாலும் பார்ப்பதில்லை. இதை எத்தனை கூட்டங்களில் சொன்னாலும் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வதோடு முடிந்துவிடுகிறது. கட்டம் கட்டமாக அமைந்த தெருக்களில் ஒரு தெருமுனையிலிருந்து இன்னொரு தெருமுனைக்கு நடைதூரம் நேர்க்கோட்டுத் தூரத்தைப்போல் அதிகபட்சம் ஏறத்தாழ 1.4 மடங்குதான், முட்டுச்சந்துகளிலோ கொல்லைப்புறத்து வீட்டுக்குப் போகவும் பிரதான சாலையைச் சுற்ற வேண்டியிருக்கும்.

விளம்பரத் தாளில் புள்ளிக்கோடாக வரைந்த 'உத்தேசச் சாலை'யைப் பொருட்படுத்தாதீர்கள். ஒப்புதல் பெற்ற வரைபடத்தைக் கேளுங்கள். அதிலும் தெரு நிலத்தின் எல்லைவரை தொடுகிறதா என்று பாருங்கள். கடைசி ஓரடியைத் தனியார் பெயரில் நிறுத்திவைத்து, பின்னால் வழி கேட்டு வருபவரிடம் பணம் கறக்கும் தந்திரம் உண்டு. அந்த ஓரடியைப் பற்றித் தரகர் ஒருபோதும் வாய்திறக்கமாட்டார்.

ஒரே ஒரு விதிவிலக்கு: முட்டும் இடத்தில் நடைபாதை விடப்பட்டிருந்தால், வண்டி போகாவிட்டாலும் ஆள் போகலாம், சைக்கிள் போகலாம், பிள்ளைகள் சுற்றாமல் பள்ளிக்குப் போகலாம். 1929இல் அமெரிக்காவில் குடியேற்றம் தொடங்கிய ராட்பர்ன் என்னும் திட்டமிட்ட குடியிருப்பில் முட்டுச்சந்து வீடுகளின் பின்புறம் இத்தகைய பாதைகள் இருந்தன. பின்வந்த பலர் முட்டுச்சந்தை மட்டும் எடுத்துக்கொண்டு பாதையை விட்டுவிட்டார்கள். ஆனால் உங்கள் தெருவில் விடப்பட்ட பாதை பொதுவழியாகப் பதிவாகியிருக்க வேண்டும்; இல்லையேல் எவரேனும் ஒருவர் சுவர் எழுப்பிவிடுவார். பதிவைக் கண்ணால் பார்த்த பிறகு விலை பேசுங்கள்.