காசிமேட்டு உப்புத் தண்ணீரும் கடையில் காட்டிய மூன்று பேடும்

மாதவரத்திலிருந்து ஒரு வாசகர்: ஐயா, 2018 மாடல் பொலேரோ பிக்கப் ஓட்டுகிறேன். விடியற்காலையில் காசிமேட்டில் மீன் ஏற்றி செங்கல்பட்டு வரை போவேன். ஐந்து மாதம் முன்னால் முன்பக்க பிரேக் பேட் மாற்றி, டிஸ்க்கைக் கழற்றி லேத்தில் கடைந்து மாட்டினோம். இப்போது அறுபதில் வந்து பிரேக் மிதித்தால் ஸ்டியரிங் உதறுகிறது, பெடலும் துடிக்கிறது. டிஸ்க் வளைந்துவிட்டது, பேடோடு சேர்த்து மாற்று என்கிறார் மெக்கானிக். ஜி.பி. ரோட்டுக் கடையில் மூன்று விலையில் பேட் காட்டினார்கள். ஒன்று செராமிக்காம். ஓட்டை போட்ட டிஸ்க்கும் இருக்கிறதாம். எதை வாங்குவது?

தம்பி, கடைக்கு அப்புறம் போகலாம். முதலில் சக்கரத்தைக் கழற்றி டிஸ்க்கை, அதாவது பேட் இரண்டு பக்கமும் இறுக்கிப் பிடிக்கும் இரும்புத் தட்டை, அளந்து பாருங்கள். குறைந்தபட்சம் எத்தனை மில்லிமீட்டர் தடிமன் இருக்க வேண்டும் என்று பெரும்பாலும் டிஸ்க்கிலேயே வார்த்திருப்பார்கள். துருவைத் தேய்த்துவிட்டுப் பார்த்தால் தெரியும். புதிதில் இருக்கும் தடிமனைவிட அது சுமார் இரண்டு மில்லிதான் குறைவாக இருக்கும். நீங்கள் ஒருமுறை கடைந்தாயிற்று, அதிலேயே பாதி போயிருக்கலாம்.

அளப்பதில் ஒரு வில்லங்கம் உண்டு. பேட் படாத வெளி விளிம்பு தேயாமல் வரப்பு மாதிரி எழும்பி நிற்கும். தடிமன் அளக்கும் வெர்னியரை அப்படியே வைத்தால் வரப்பைத்தான் அளக்கும், டிஸ்க் புதிது மாதிரி கணக்கு காட்டும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி நாணயம் ஒவ்வொன்று வைத்து, நாணயத்தோடு சேர்த்து அளந்து, அப்புறம் நாணயங்களின் தடிமனைக் கழித்துவிடுங்கள். பட்டறையில் நான் பையன்களுக்கு முதலில் சொல்லிக்கொடுத்த வித்தை இதுதான். சுற்றிலும் ஏழெட்டு இடத்தில் அளக்க வேண்டும். வார்த்திருக்கும் எண்ணுக்குக் கீழே போயிருந்தால் பேச்சே இல்லை, புது டிஸ்க்தான், அதுவும் இரண்டு பக்கமும்.

இனி அந்த 'வளைந்துவிட்டது'. நானும் இருபது வருஷம் வாடிக்கையாளர்களிடம் இதையேதான் சொன்னேன். வார்ப்பிரும்பு அவ்வளவு சுலபமாக வளையாது. உங்கள் வண்டியில் ஐஸ் உருகி உப்புத் தண்ணீர் ஒழுகுகிறது, போதாக்குறைக்குக் கடல் காற்று. டிஸ்க் போய் உட்காரும் ஹப் முகத்தில் துரு செதில் செதிலாகப் பிடித்திருக்கும். அதைச் சுரண்டாமல் கடைந்த டிஸ்க்கை மேலே வைத்து முடுக்கினால், உள்ளே முடியளவு இருக்கும் மேடு வெளி ஓரத்தில் இரண்டு மூன்று மடங்கு ஆட்டமாகிவிடும். பிரேக் மிதிக்காமல் ஓடும்போதும் டிஸ்க்கின் அதே இடம் ஒவ்வொரு சுற்றிலும் பேடை உரசும். சில ஆயிரம் கிலோமீட்டரில் அந்த இடம் மட்டும் மெலிந்துவிடும். தடித்த இடமும் மெலிந்த இடமும் மாறி மாறிப் பேடுக்குள் புகுவதைத்தான் உங்கள் கால் துடிப்பாக உணர்கிறது. மாட்டிய அன்றைக்கு நன்றாக இருந்து, மாதங்கள் கழித்துத் தொல்லை வந்ததற்கும் இதுவே காரணமாக இருக்கலாம்.

ஆகவே புது டிஸ்க் போட்டாலும் ஹப்பைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துப் பளிச்சென்று ஆக்கிய பிறகுதான் மாட்டச் சொல்லுங்கள். மெக்கானிக்கிடம் ஆட்டத்தை அளக்கும் டயல் கேஜ் இருந்தால் சுற்றிப் பார்க்கட்டும். ஆட்டம் 0.1 மில்லிக்குள் இருக்க வேண்டும், அதில் பாதி என்றால் இன்னும் நல்லது. பக்கத்தில் நின்று பாருங்கள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

சரி, பேட். செராமிக் கெட்டது என்று சொல்லமாட்டேன். சத்தம் குறைவு, கரித்தூள் குறைவு, வீட்டுக் காருக்கு அருமை. உங்கள் கதை வேறு. வண்டியும் சரக்குமாக மூன்று டன் பக்கம் வரும். எடை இரண்டு மடங்கானால் பிரேக்கில் பிறக்கும் சூடும் இரண்டு மடங்கு. வேகம் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்கு. விடிகாலை ஜி.எஸ்.டி. ரோடு காலியாக இருந்தால் நீங்கள் எண்பதில் போவீர்கள் என்று எனக்குத் தெரியும். வண்டிக் கம்பெனி உங்கள் மாடலுக்கு என்ன ரகம் போட்டதோ அதையே வாங்குங்கள். வெளிக் கம்பெனி பேட்தான் என்றால், சுமை வண்டிக்கென்று செய்த செமி மெட்டாலிக், அதாவது உலோகத் தூள் கலந்த ரகம். கொஞ்சம் கிறீச்சிடும், டிஸ்க்கையும் கொஞ்சம் கூடுதலாகத் தின்னும், ஆனால் சூட்டில் கைவிடாது. சில பேடுகளின் முதுகிலோ ஓரத்திலோ இரண்டு ஆங்கில எழுத்து இருக்கும். முதல் எழுத்து சாதாரணச் சூட்டில் பிடிப்பு, இரண்டாவது கடும் சூட்டில் பிடிப்பு. ஈ-யைவிட எஃப், எஃப்-ஐவிட ஜி அதிகம் பிடிக்கும். எஃப் எஃப் என்றிருந்தால் சூடேறினாலும் பிடிப்பு அதே அளவுக்குள் நிற்கிறது என்று அர்த்தம். எஃப் ஈ என்றால் சூட்டில் நழுவும். சுமை வண்டிக்கு அது வேண்டாம். எத்தனை நாள் உழைக்கும் என்பதை இந்த எழுத்து சொல்லாது.

ஓட்டை போட்ட டிஸ்க் பார்க்க ஜோராக இருக்கும். சுமையிலும் சூட்டிலும் விரிசல் அந்த ஓட்டையின் ஓரத்தில்தான் ஆரம்பிக்கும். வேண்டாம். உங்கள் மாடலுக்கு உரிய சாதா டிஸ்க் போதும். ஒரே மாடலுக்கு இரண்டு கம்பெனி டிஸ்க் காட்டினால் கடைத் தராசில் வைக்கச் சொல்லுங்கள், கனமானதை எடுங்கள்.

ஒரு வயிற்றெரிச்சலையும் சொல்லிவிடுகிறேன். 2014-ல் அம்பத்தூர் பட்டறையில், தண்ணீர் கேன் போடும் பிக்கப் ஒன்றுக்கு ஒரு கடையில் மலிவாகக் கொடுத்த பேடை மாட்டினேன். நல்ல பெயருள்ள டப்பா, உள்ளே போலிச் சரக்கு. மூன்றாவது வாரம் பாடி மேம்பாலத்தில் இறங்கும்போது பேடின் மேல்கட்டி, அதாவது டிஸ்க்கில் உரசித் தேயும் பகுதி, இரும்புத் தகட்டிலிருந்து பெயர்ந்து விழுந்துவிட்டது. டிரைவர் கியரைக் குறைத்து, கைப்பிரேக்கையும் இழுத்து எப்படியோ நிறுத்தினார். பில் இல்லாமல் வாங்கியதால் கடைக்காரரை ஒன்றும் கேட்க முடியவில்லை. அன்றிலிருந்து பில் இல்லாத பேட் என் பட்டறைக்குள் வந்ததில்லை.

மாட்டிய பிறகு: புது டிஸ்க்கில் துரு பிடிக்காமலிருக்க எண்ணெய் தடவியிருப்பார்கள், சோப்புத் தண்ணீரில் கழுவித் துடையுங்கள். வண்டியை எடுப்பதற்கு முன் பெடல் கெட்டியாகும் வரை மிதித்துவிடுங்கள், முதல் மிதியில் பிரேக் இருக்காது. காலி ரோட்டில் அறுபதிலிருந்து இருபதுக்கு நிதானமாக ஒரு எட்டு முறை இறக்குங்கள், முழுதாக நிறுத்தாமல். நடுவில் ஆற விடுங்கள். முதல் இருநூறு கிலோமீட்டருக்கு அலறல் பிரேக் வேண்டாம்.

செங்குன்றத்திலிருந்து ஒரு வாசகர்: வெளிப் பேட் பாதி இருக்கிறது, உள் பேட் இரும்புத் தகடு வரைக்கும் தேய்ந்துவிட்டது. போலிப் பேடா?

பேட் மேல் பழி போடாதீர்கள். பேடை அழுத்தும் காலிப்பர் நகர்வதற்கான பின் (pin) இறுகிப்போயிருக்கும், இல்லையென்றால் பிஸ்டன் திரும்பி உள்ளே போகாமல் நிற்கும். பின்னைக் கழற்றித் துடைத்து சிலிக்கான் கிரீஸ் வையுங்கள். சாதா கிரீஸ் வைத்தால் ரப்பர் உப்பி மறுபடி இறுகும். மேல்கட்டி மூன்று மில்லிக்கு வந்ததுமே பேடை மாற்றிவிட வேண்டும், தகடு வரை ஓட்டினால் டிஸ்க்கும் சேர்ந்து போகும். தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். ஆஸ்பெஸ்டாஸ் பேட் காலத்தில் நாங்கள் வாயாலேயே ஊதினோம், நினைத்தால் இப்போது பகீரென்கிறது. ஈரத்துணி போதும்.

பூந்தமல்லியிலிருந்து ஒரு வாசகர்: பின்னால் ஸ்பிரிங்கில் ஒரு பட்டை கூட்டிய பிறகு முன் பேட் சீக்கிரம் தீர்கிறது. சம்பந்தம் உண்டா?

உண்டு. பல பிக்கப்களில் பின் அச்சுக்கும் சேஸிஸுக்கும் நடுவில் ஒரு கம்பியோடு வால்வு இருக்கும். சுமை ஏறி வண்டியின் பின்பக்கம் தாழும்போதுதான் அது பின் டிரம் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டி அனுப்பும். பட்டை கூட்டினால் வண்டி தாழாது. காலி வண்டி என்று வால்வு ஏமாந்துவிடும், முழு வேலையும் முன் டிஸ்க் தலையில் விழும். பட்டையைக் கழற்றுங்கள், அல்லது வால்வை முறைப்படி சரிசெய்யத் தெரிந்த இடத்தில் விடுங்கள். கம்பியைத் தூக்கிக் கட்டிவைக்கும் வைத்தியம் வேண்டாம், காலி வண்டியில் மழை நாளில் பின் சக்கரம் பூட்டி வண்டி சுழலும்.

பெரம்பூரிலிருந்து ஒரு வாசகர்: பிரேக் ஆயில் டாட் 3 ரகம் இருக்கும்போது டாட் 4 ரகம் ஊற்றலாமா?

ஊற்றலாம், கலக்கும். ஆனால் அந்த ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், நம் ஊர்க் காற்றில் கேட்கவே வேண்டாம். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மொத்தமாக மாற்றுங்கள்.

சூளையிலிருந்து ஒரு வாசகர்: புதுப்பேட்டைப் பழைய சாமான் கடையில், பழைய வண்டியிலிருந்து கழற்றிய டிஸ்க் பாதி விலைக்குக் கிடைக்கிறது, வாங்கலாமா?

கதவு வாங்குங்கள், பம்பர் வாங்குங்கள், சீட் வாங்குங்கள். டிஸ்க்தான் வேண்டுமென்றால் இரண்டு நாணயத்தையும் வெர்னியரையும் எடுத்துக்கொண்டு போங்கள். அளந்து பார்த்தபின் வாங்காமலேயே திரும்பி வருவீர்கள்.